அமெரிக்க அரசியல் படிக்க எது சரியான வழி: ஏபியா, டூயல் கிரெடிட்டா, வாக்குச்சாவடியா?

பதினோராம் வகுப்பின் இரண்டாவது செமஸ்டர் தொடங்கியதும் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்துவிடும். டாலஸைச் சுற்றியுள்ள பிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் கால்குலஸுக்கும் பிசிக்ஸுக்கும் நடக்கிற விவாதத்தில் கால்வாசிகூட அரசியல் பாடத்துக்கு நடப்பதில்லை. 'கவர்ன்மென்ட்' என்று ஓர் அரையாண்டுப் பாடம். டெக்ஸஸில் அதை எடுக்காமல் பள்ளிப் படிப்பை முடிக்க முடியாது. எதில் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கூடுதலாக ஏறுமோ அதை டிக் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு 18 வயது ஆவது இந்தப் பாடத்தைப் படிக்கிற அதே ஆண்டில்தான். குடியுரிமை உள்ள பிள்ளை 17 வயது 10 மாதம் ஆனதுமே டெக்ஸஸில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். தேர்தலுக்கு 30 நாளுக்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தேர்தல் போய்விடும். பள்ளியில் படித்தது சில மாதங்களிலேயே நேராகக் கைக்கு வருகிற பாடம் வேறு எது? அதனால் ஜிபிஏவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு வழியும் உண்மையில் எதைக் கற்றுத் தருகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்ப்போம். டெக்ஸஸை வைத்தே பேசுகிறேன், எனக்குத் தெரிந்த ஊர் இதுதான். மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும். தேர்வு செய்கிற முறை பெரிதாக மாறாது.

ஏபி வகுப்பு

ஏபி என்பது பள்ளியிலேயே படிக்கிற கல்லூரி நிலைப் பாடம். காலேஜ் போர்டு நடத்தும் ஏபி யுஎஸ் கவர்ன்மென்ட் அண்ட் பாலிடிக்ஸ் பாடத்துக்கு நல்ல பெயர் இருக்கிறது. அது நியாயமான பெயர்தான். பாடம் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: அமெரிக்க ஜனநாயகத்தின் அடித்தளம், அரசின் மூன்று கிளைகளுக்கும் இடையிலான உறவு, தனிமனித உரிமைகள், அரசியல் நம்பிக்கைகள், மக்கள் பங்கேற்பு. மே மாதத் தேர்வு மூன்று மணி நேரம். 80 நிமிடத்தில் 55 கொள்குறிக் கேள்விகள், அப்புறம் 100 நிமிடத்தில் நான்கு எழுத்துக் கேள்விகள். இரண்டு பாதிக்கும் சம மதிப்பெண்.

இந்தப் பாடத்தின் உண்மையான பலம் அது கட்டாயமாக்கியிருக்கிற மூல ஆவணங்களிலும் வழக்குகளிலும் இருக்கிறது. ஒன்பது ஆவணங்களை மாணவர் படித்தே ஆக வேண்டும். சுதந்திரப் பிரகடனமும் அரசியல் சட்டமும் அதில் இருக்கும் என்பது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் அந்த அரசியல் சட்டத்தையே எதிர்த்து எழுதப்பட்ட முதல் கட்டுரையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இவ்வளவு பெரிய நாட்டில் மக்கள் பிரதிநிதிக்குத் தன் மக்களை எப்படித் தெரியும், அதிகாரம் தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளாதா என்று புரூட்டஸ் கேட்கிறார். ஜேம்ஸ் மேடிசன் பத்தாவது பெடரலிஸ்ட் கட்டுரையில் அதற்கு நேர் எதிராக வாதாடுகிறார்: நாடு பெரிதாக இருந்தால்தான் பல கோஷ்டிகள் இருக்கும், எந்த ஒரு கோஷ்டியும் மற்றவர்களை அடக்கிவிட முடியாது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு, இந்த நாட்டின் அமைப்பே ஒரு சண்டையில் பிறந்தது என்பதும் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்பதும் புரிந்துவிடும். மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதமும் அந்த ஒன்பதில் ஒன்று.

வழக்குகள் இன்னும் சுவையானவை. இப்போதைய பட்டியலில் 14 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். 1965 டிசம்பரில், அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில், வியட்நாம் போருக்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு சில மாணவர்கள் பள்ளிக்குப் போனார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு 13 வயது. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது: பள்ளி நடப்பதற்குப் பெரிய இடைஞ்சல் வராத வரைக்கும் மாணவரின் பேச்சுரிமையைப் பள்ளி பறிக்க முடியாது. இதை மனப்பாடம் செய்தால் போதாது. தேர்வில் பட்டியலுக்கு வெளியே உள்ள வேறொரு வழக்கைச் சுருக்கமாகக் கொடுத்து, இரண்டுக்கும் பொதுவான சட்டப் பிரிவு எது, தீர்ப்பின் காரணம் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று கேட்பார்கள். உதாரணத்துக்கு 2021-ல் வந்த மஹனாய் வழக்கு. வார இறுதியில், பள்ளிக்கு வெளியே இருந்தபடி ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தை போட்ட மாணவியைப் பள்ளி சியர்லீடிங் குழுவிலிருந்து ஓராண்டுக்கு நீக்கியது. 8-1 என்று மாணவிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கறுப்புப் பட்டையிலிருந்து ஸ்னாப்சாட்டுக்கு ஒரு கொள்கை எப்படி நீள்கிறது என்று எழுதிப் பழகிய மாணவர், நாளை எந்தத் தீர்ப்பு வந்தாலும் தலைப்புச் செய்தியோடு நின்றுவிட மாட்டார்.

குறைகளும் உண்டு. முதல் குறை நேரம் சம்பந்தப்பட்டது. இங்கே பல பள்ளிகளில் ஒரு செமஸ்டர் கவர்ன்மென்ட், ஒரு செமஸ்டர் எகனாமிக்ஸ் என்று பிரித்திருப்பார்கள். கவர்ன்மென்ட் முதல் செமஸ்டரில் விழுந்தால் டிசம்பரில் பாடம் முடிந்துவிடும், தேர்வோ மே மாதம். நடுவில் கல்லூரி விண்ணப்பம், இரண்டாவது செமஸ்டர் பாடங்கள் எல்லாம் வந்து மூடிவிடும். முடிந்தால் ஜனவரியில் தொடங்கும் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக் கவுன்சலரிடம் நேராகக் கேட்டால் பல சமயம் நடக்கும்.

இரண்டாவது குறை எனக்குப் பெரிதாகப் படுவது. ஏபி பாடம் முழுக்க வாஷிங்டனைச் சுற்றியே நிற்கிறது. கூட்டாட்சி என்ற தலைப்பில் மாநிலங்கள் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். உங்கள் பள்ளி மாவட்டத்துக்கு வரி விகிதம் போடுவது யார், கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஜட்ஜ் என்பவர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் ஐந்து பகுதிகளில் எங்கேயும் கிடையாது.

டூயல் கிரெடிட்

அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது டூயல் கிரெடிட். பள்ளியில் படிக்கும்போதே காலின் காலேஜ், டாலஸ் காலேஜ் போன்ற கம்யூனிட்டி காலேஜின் பாடத்தை எடுத்துப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்து கிரெடிட் வாங்கும் ஏற்பாடு இது.

டெக்ஸஸில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. பல பெற்றோருக்கு அது கல்லூரியில் சேர்ந்த பிறகே தெரியவருகிறது. டெக்ஸஸ் அரசுப் பல்கலைக்கழகம் எதில் பட்டம் வாங்கினாலும், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆனாலும் சரி நர்சிங் ஆனாலும் சரி, 6 கிரெடிட் மணி அரசியல் பாடம் முடித்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். இரண்டு பாடங்கள்: 2305 என்ற எண்ணில் மத்திய அரசு, 2306 என்ற எண்ணில் டெக்ஸஸ் அரசு. ஏபி தேர்வில் 5 வாங்கினாலும் பொதுவாக முதல் பாதிக்குத்தான் கிரெடிட் கிடைக்கும். டெக்ஸஸ் பாதியைத் தனியாக முடிக்க வேண்டியிருக்கும். டூயல் கிரெடிட்டில் இரண்டையும் பள்ளியிலேயே முடித்துவிட வழி உண்டு. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கிற ஆஸ்டினுக்கோ காலேஜ் ஸ்டேஷனுக்கோ போகப்போகிற பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிரெடிட்டை விடுங்கள், 2306-ல் சொல்லித் தருகிற விஷயத்துக்காகவே அதை எடுக்கலாம். டெக்ஸஸின் இப்போதைய அரசியல் சட்டம் 1876-ல் வந்தது. மத்திய அரசியல் சட்டத்துக்கு இதுவரை வந்த திருத்தங்கள் 27. டெக்ஸஸ் சட்டத்துக்கு 500-ஐத் தாண்டிவிட்டன. மாநிலச் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் வழக்கமான கூட்டத்துக்குக் கூடுகிறது, அதுவும் 140 நாள்தான். ஆளுநர் என்றதும் ராஜ்பவன் நினைவுக்கு வரக்கூடாது: இங்கே அவர் மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர். ஆனால் முதலமைச்சர் மாதிரி அமைச்சரவையைக் கையில் வைத்திருப்பவரும் இல்லை. லெப்டினன்ட் கவர்னர், அட்டர்னி ஜெனரல், மாநில நிதியைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் எல்லோரும் தனித்தனியாகத் தேர்தலில் ஜெயித்து வருகிறார்கள். ஆளுநர் அவர்களை நீக்க முடியாது. ரயில்ரோடு கமிஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1891-ல் ரயில்வேக்காக உருவானது. இன்று ரயிலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எண்ணெய், எரிவாயுத் தொழிலை மேற்பார்க்கிறது. அதன் மூன்று உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள்கூட இங்கே கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்கிறார்கள். வாக்குச்சீட்டு ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த ஒரு பாடத்தில் விடை இருக்கிறது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது எங்கே என்றால், இதில் வாங்கும் மதிப்பெண் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பின் அலட்சியத்தில் ஒரு 'சி' வந்தால் அதுவும் அங்கேயே நிற்கும். பின்னால் சட்டக் கல்லூரிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போதும் அதைக் காட்ட வேண்டும். ஏபியில் அந்தப் பயம் இல்லை; தேர்வு சரியில்லை என்றால் மதிப்பெண்ணை அனுப்பாமல் விட்டுவிடலாம். வேறு மாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள் பல, பள்ளி நாட்களில் வாங்கிய கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டை ஏற்பதில்லை. அப்புறம், வகுப்பின் தரம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். ஏபிக்கு நாடு முழுக்க ஒரே வினாத்தாள் இருப்பதால் வகுப்பு ஒரு மட்டத்துக்குக் கீழே போகாது. டூயல் கிரெடிட்டுக்கு அப்படி ஒரு பொது அளவுகோல் கிடையாது. நல்ல பேராசிரியர் கிடைத்தால் ஏபியைவிட ஆழமாகப் போகும். இல்லையென்றால் வாரம் ஒரு ஆன்லைன் க்விஸோடு முடிந்துவிடும். முந்தைய ஆண்டு படித்த பிள்ளைகளிடம் விசாரிக்காமல் சேர வேண்டாம்.

தானாகப் படிப்பது

பள்ளியில் ஏபி இல்லாத பிள்ளைகளும், ஒன்பதாம் பத்தாம் வகுப்பிலேயே ஆர்வம் வந்துவிட்ட பிள்ளைகளும் காத்திருக்க வேண்டியதில்லை. பணமும் தேவையில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் கல்லூரிப் பாடநூல் இலவசம். கான் அகாடமியில் ஏபி பாடத்திட்டத்தை ஒட்டிய முழு வகுப்பும் இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐசிவிக்ஸ். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் ஓய்வு பெற்ற பிறகு 2009-ல் தொடங்கியது. விளையாட்டு வடிவில் இருக்கும்.

ஆனால் நான் முதலில் கையில் கொடுக்கச் சொல்வது அரசியல் சட்டத்தையே. மூலச் சட்டம் சுமார் 4,500 சொற்கள்தான். ஒரே நாள் மாலையில் படித்துவிடலாம். முதல் பிரிவு நாடாளுமன்றத்துக்கு, அதாவது காங்கிரஸுக்கு. இருப்பதிலேயே நீளமானது அதுதான், அதிபர் இரண்டாவதாகத்தான் வருகிறார் என்பதைப் பிள்ளையே கவனிக்கட்டும். படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிஜச் சம்பவத்தைத் தேடச் சொல்லுங்கள். துணை அதிபர்தான் செனட்டின் தலைவர், ஓட்டு சரிசமமாகப் பிரிந்தால் மட்டும் அவருக்கு ஓட்டு உண்டு என்று முதல் பிரிவில் ஒரு வரி வரும். சாதாரண வரி போலத் தெரியும். 2021-ல் செனட் 50-50 என்று பிரிந்திருந்தபோது அந்த ஒரு வரியை வைத்துத்தான் கமலா ஹாரிஸ் சட்டங்களையும் நியமனங்களையும் நிறைவேற்றிக் கொடுத்தார். தன் பதவிக் காலத்தில் 33 முறை அப்படி ஓட்டுப் போட்டார். ஜான் கால்ஹூன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட 31-தான் அதுவரை அதிகம். சென்னைக்காரரான சியாமளா கோபாலனின் மகள் என்பதால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வரி சீக்கிரம் மனதில் நிற்கும்.

உச்ச நீதிமன்ற வாதங்களை ஓயெஸ் தளத்தில் ஒலிப்பதிவாகவே கேட்கலாம். டிங்கர் வழக்கின் 1968 வாதம்கூட அங்கே இருக்கிறது. காங்கிரஸ் நடவடிக்கைகளைச் சி-ஸ்பான் 1979-லிருந்து ஒளிபரப்புகிறது, நடுவில் யாரும் கருத்துச் சொல்ல மாட்டார்கள். பிலடெல்பியாவிலுள்ள தேசிய அரசியல் சட்ட மையத்தின் தளத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரெதிர் நோக்குள்ள இரண்டு அறிஞர்கள் சேர்ந்து, தங்களுக்கு ஒத்துப்போவதை ஒரே கட்டுரையாகவும் ஒத்துப்போகாததைத் தனித்தனியாகவும் எழுதியிருக்கிறார்கள். அரசியல் பேச்சு வீட்டில் சண்டையாகிவிடுகிற இந்தக் காலத்தில் பிள்ளைகள் பழக வேண்டிய வாசிப்பு முறை அது.

செய்தி சேனலையும் யூடியூப் விவாதத்தையும் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் நிறைய. நான் அதை ஒரு வழியாகவே கணக்கில் எடுக்க மாட்டேன். யார் யாரைத் திட்டினார்கள் என்று அங்கே தெரியும். செனட்டில் 51 ஓட்டு கையில் இருந்தும் ஒரு மசோதா ஏன் நகரவில்லை, விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது, 'ரிகன்சிலியேஷன்' முறையில் வருகிற வரவு செலவு மசோதாவுக்கு ஏன் அந்தத் தடை இல்லை என்பதை அங்கே யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

பெற்றோர் உதவி செய்கிற வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நமக்குத் தெரிந்த நாடாளுமன்ற முறையை வைத்து நாம் விளக்கப் போகிறோம், பிள்ளை குழம்பிவிடுகிறது. இங்கே ஆட்சி கவிழாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாது, அதிபர் சபையைக் கலைக்கவும் முடியாது. அமைச்சராகிறவர் எம்பி பதவியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். எல்லாவற்றையும்விட நமக்குப் புரியக் கடினமானது, சொந்தக் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போடுவது. 2017 ஜூலை 28 அதிகாலையில், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் பகுதிகளை ரத்து செய்ய வந்த மசோதாவுக்கு, குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் செனட்டின் நடுவில் வந்து நின்று கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49-51 என்று மசோதா தோற்றது. நம் ஊரில் கொறடா உத்தரவை மீறி அப்படி ஓட்டுப் போட்டிருந்தால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போயிருக்கும். மெக்கெய்னுக்கு எதுவும் ஆகவில்லை, செனட்டராகவே தொடர்ந்தார். இந்த வித்தியாசங்களை முதலில் நாம் தெளிவுபடுத்திக்கொண்டால் பிள்ளைக்கு நாம் இடைஞ்சலாக இருக்க மாட்டோம்.

தானாகப் படிப்பதில் உள்ள பெரிய இழப்பு, எழுதிப் பார்த்துத் திருத்தித் தர ஆள் இல்லாததுதான். வாதக் கட்டுரை எழுதும் பழக்கம் வகுப்பில்லாமல் வருவது கஷ்டம்.

நேரில் போய்க் கற்பது

எனக்கு மிகவும் பிடித்தது, வாக்குச்சாவடியில் மாணவ கிளார்க்காக வேலை செய்வது. டெக்ஸஸில் 16 வயதானால் போதும். குடியுரிமை, பள்ளி முதல்வரின் ஒப்புதல், கொஞ்சம் பயிற்சி, அவ்வளவுதான் தேவை. அன்றைக்குப் பள்ளி விடுப்பும் கிடைக்கும், சம்பளமும் உண்டு.

தேர்தல் நாளில் ஓட்டுப்பதிவு காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். கதவு திறக்கும் முன் இயந்திரத்திலிருந்து ஒரு சீட்டு அச்சாகி வரும். ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கு நேரிலும் பூஜ்யம். அதைச் சரிபார்த்து அலுவலர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் வாக்காளர் உள்ளே வருவார். நூறு அடி தூரத்துக்குள் பிரச்சாரம் கூடாது, கட்சிச் சட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாது. பட்டியலில் பெயர் இல்லாமல் ஒருவர் வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிட முடியாது. தான் பதிவு செய்தவர் என்று அவர் சொன்னால் தற்காலிக வாக்குச்சீட்டு கேட்கும் உரிமை 2002-ல் வந்த மத்தியச் சட்டத்தின்படி அவருக்கு உண்டு. அந்த ஓட்டை எண்ணுவதா இல்லையா என்பது பிறகு முடிவாகும். இதை வகுப்பில் ஒரு வரியாகப் படிப்பது வேறு, கோபத்தோடு எதிரே நிற்கிறவரிடம் அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்து விளக்குவது வேறு.

இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுக்கத் தேர்தல் நடத்துகிற ஓர் அமைப்பு அமெரிக்காவில் கிடையாது. அதிபர் தேர்தலாகவே இருந்தாலும் களத்தில் நடத்துவது கவுன்டிகளும் நகரங்களும்தான். டெக்ஸஸில் மட்டும் 254 கவுன்டிகள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது பக்கத்துத் தெருக்காரர்கள். தேர்தலைப் பற்றி இணையத்தில் சுற்றுகிற வதந்திகளை ஒரு நாள் கிளார்க்காக வேலை செய்த பிள்ளை எடைபோடுகிற விதமே வேறாக இருக்கும்.

இன்னொன்று ஸ்கூல் போர்டு, சிட்டி கவுன்சில் கூட்டங்கள். அதற்கு முன் வீட்டு வரி பில்லை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். காலின் கவுன்டிப் பகுதி பிரிஸ்கோவில் வீடு இருந்தால் அதில் நான்கு வரிகள் இருக்கும்: கவுன்டி, நகரம், காலின் காலேஜ், பள்ளி மாவட்டம். நான்குக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. பெரிய தொகை பள்ளி மாவட்டத்துக்குத்தான் போகும். பிளேனோ மாதிரி சொத்து மதிப்பு அதிகமான மாவட்டங்கள், வசூலிப்பதில் ஒரு பங்கை 'ரீகேப்சர்' என்று மாநிலத்துக்குக் கட்டவும் வேண்டும். இந்த நான்கு வரிகளில் ஒன்றைப் பற்றிய கூட்டத்துக்குப் போய், நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், ஏபி பாடம் விட்டுவிட்ட பாதி அங்கே கிடைத்துவிடும். சில கூட்டங்கள் சலிப்பாகத்தான் இருக்கும். பள்ளி எல்லையை மாற்றுவதோ பள்ளியை மூடுவதோ நிரலில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், கூட்டம் நிரம்பி வழியும். பேச விரும்பினால் பெயர் கொடுத்துவிட்டுப் பேசலாம், பெரும்பாலும் மூன்று நிமிடம் தருவார்கள்.

டிபேட் பிடித்த பிள்ளைகளுக்குக் காங்கிரஷனல் டிபேட் என்று ஒரு பிரிவே இருக்கிறது; மசோதாவை எழுதி, சபை நடைமுறைப்படி பேசி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முன்னாள் படைவீரர் அமைப்பான அமெரிக்கன் லீஜியன் 1935-லிருந்து நடத்தும் பாய்ஸ் ஸ்டேட், அதன் மகளிர் துணை அமைப்பு 1937-லிருந்து நடத்தும் கேர்ள்ஸ் ஸ்டேட் இரண்டும் பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் சுமார் ஒரு வாரம் நடக்கும். மாணவர்களே கட்சி அமைத்து, தேர்தல் நடத்தி, ஒரு மாநில அரசை உருவாக்குவார்கள். வாஷிங்டனில் செனட் பேஜாக, அதாவது செனட்டர்களுக்கு உதவும் மாணவ ஊழியராக வேலை பார்ப்பது பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கானது, செனட்டர் மூலம்தான் இடம் கிடைக்கும், இடங்களும் மிகக் குறைவு. பிரதிநிதிகள் சபை தன் பேஜ் திட்டத்தை 2011-லேயே நிறுத்திவிட்டது.

விசாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தகவல் எங்கேயும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. எச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருக்கும் பிள்ளை ஏபி எழுதலாம், டூயல் கிரெடிட் எடுக்கலாம், டிபேட்டில் பேசலாம், சிட்டி கவுன்சிலில் மைக் முன்னால் நிற்கலாம். டெக்ஸஸ் வாக்குச்சாவடி வேலைக்கும் செனட் பேஜ் பதவிக்கும் குடியுரிமை வேண்டும். கலிபோர்னியாவில் கிரீன் கார்டு இருந்தாலே சாவடியில் வேலை செய்யலாம். ஓட்டுப் போட முடியாத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். கிரீன் கார்டு வரிசையின் நீளத்தையும், 21 வயதானதும் சார்பு விசா போய்விடுவதையும் தீர்மானிக்கிற சட்டம் காங்கிரஸில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தப் பாடம் எல்லோரையும்விட அதிகம் தேவை.

சரி, எதை எடுப்பது? பிள்ளை வேறு மாநிலத்துக்கோ தனியார் பல்கலைக்கழகத்துக்கோ போகிற யோசனையில் இருந்தால் ஏபி, தயக்கமே வேண்டாம். டெக்ஸஸ் அரசுப் பல்கலைக்கழகம்தான் என்று முடிவாகி, ஆசிரியரும் நல்லவர் என்று கேள்விப்பட்டால் டூயல் கிரெடிட், இரண்டு பாடமும் சேர்த்து. இன்னும் முடிவாகவில்லை என்றால் ஏபியை எடுத்துவிட்டு, 2306-ஐக் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் முடிக்கலாம். கல்லூரி கிரெடிட்டில் அக்கறை இல்லை, அரசு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும் என்கிற பிள்ளைக்குச் சாதாரண வகுப்பே போதும். மிச்சமாகும் நேரத்தில் அரசியல் சட்டத்தைப் படித்துவிட்டு ஆண்டு முழுக்க ஸ்கூல் போர்டைப் பின்தொடரட்டும். அப்படிப் படித்த பிள்ளை ஏபி எழுதிய பிள்ளையைவிடக் குறைவாகத் தெரிந்துவைத்திருக்காது என்பது என் கணிப்பு. எந்த வகுப்பாக இருந்தாலும் ஒரு நாள் வாக்குச்சாவடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏபி தேர்வுக்கான கட்டணம், சுமார் 100 டாலர், நவம்பர் நடுவுக்குள் பள்ளி வழியாகக் கட்டிப் பதிய வேண்டும். டூயல் கிரெடிட்டுக்கு டிஎஸ்ஐ (கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று டெக்ஸஸ் பார்க்கும் மதிப்பீடு) தகுதியை வசந்த காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது, ஆகஸ்டில் இடம் இருக்காது. டெக்ஸஸில் நகர, பள்ளி மாவட்டத் தேர்தல்கள் பெரும்பாலும் மே முதல் சனிக்கிழமை வரும், ஏபி தேர்வுகள் தொடங்குவதும் அதே நாட்களில்தான். அதனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை நவம்பர் தேர்தலுக்கே கவுன்டி தேர்தல் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடட்டும். பதினோராம் வகுப்பு, ஏபி சுமை இல்லை என்றால் மே மாதமே சரியாக இருக்கும். அந்தத் தேர்தலில் கூட்டம் குறைவு, பக்கத்தில் இருக்கும் அலுவலர் நின்று நிதானமாகச் சொல்லிக் கொடுப்பார்.